செயின்சா கயிறு இழுக்கவே வரலையா? முதல்ல ஸ்பார்க் பிளக்க கழட்டுங்க

கயித்த இழுத்தா செயின்சா அசையவே மாட்டேங்குது, தோள்பட்டை தான் கழண்டு வர்ற மாதிரி இருக்குன்னா நம்மாளுங்க பண்ற முதல் வேலை பல்ல கடிச்சிக்கிட்டு இன்னும் பலமா இழுக்கறது. தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. கயிறு அறுந்தா கூட பரவால்ல, உள்ள ஃப்ளைவீல்ல (இன்ஜினோட சேந்து சுத்துற சக்கரம்) மாட்டுற சின்ன கொக்கி உடைஞ்சா தனி செலவு.

மெஷின்ல டீகம்ப்ரஷன் பட்டன் (சிலிண்டருக்குள்ள அழுத்தத்த குறைக்கிற பட்டன்) இருக்கான்னு மொதல்ல பாருங்க, பெரிய செயின்சா பலதுல இருக்கும். அத அமுக்காம இழுத்தா கனமா தான் இருக்கும், இன்ஜின்ல ஒரு தடவ பெட்ரோல் பத்திக்கிட்டதும் அதுவா வெளிய வந்துடும், மறுபடி அமுக்கணும்.

அது இல்லன்னா, சுவிட்ச ஆஃப் பண்ணி, கை உறை போட்டு, ஸ்பார்க் பிளக்க கழட்டிடுங்க. இப்ப கயித்த மெதுவா இழுங்க. பாதி விஷயம் இங்கயே தெரிஞ்சிடும்.

ஈஸியா வந்துச்சுன்னா கயிறு சுத்தியிருக்க ஸ்டார்ட்டர்ல கோளாறு இல்ல, பெரும்பாலும் சிலிண்டருக்குள்ள பெட்ரோல் நிறைஞ்சிருக்கு. காத்த அமுக்கலாம், பெட்ரோல அமுக்க முடியாதுல்ல, அதான் பிஸ்டன் மேல வந்ததும் சுவத்துல முட்டுன மாதிரி நிக்குது. டேங்க்ல பெட்ரோலோட வெயில்ல வெச்சாலோ, சாய்ச்சு படுக்க வெச்சாலோ, கார்புரேட்டர் ஊசி சரியா மூடலன்னா சொட்டு சொட்டா உள்ள இறங்கிடும். சோக் போட்டு பத்து பதினஞ்சு தடவ இழுத்தாலும் இதே கதி தான். நான் இது தெரியாம ஒரு நாள் பூரா ஸ்டார்ட்டர பிரிச்சு, புது கயிறு, புது ஸ்பிரிங் எல்லாம் மாத்தி, மாட்டி இழுத்தா அதே கனம்! கடைசில பிளக்க கழட்டி இழுத்தேன், ஓட்டையிலிருந்து பெட்ரோல் பீச்சி அடிச்சு சட்டை பூரா நனைஞ்சிடுச்சு.

அதனால நீங்க ஓட்டைக்கு மேல லேசா ஒரு துணி போட்டு, மெஷின கவுத்து பிடிச்சு அஞ்சாறு தடவ இழுங்க. பிளக் ஒயர தள்ளி வைங்க, அந்த இடத்துல ஒரு பொறி விழுந்தா அவ்ளோ தான். பிளக்க தொடச்சு, கால் மணி நேரம் காத்தாட விட்டு, சோக் இல்லாம ஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டு நாள்ல மறுபடி அதே மாதிரி ஆச்சுன்னா கார்புரேட்டர் ஊசிய பாக்கணும்.

பிளக் இல்லாமயும் கனமா இருக்கா? அப்ப ஸ்டார்ட்டர் கவர கழட்டுங்க, பொதுவா நாலு ஸ்க்ரூ இருக்கும். கவர கைல வெச்சு கயித்த இழுத்து பாருங்க. அங்கயே திக்குனா உள்ள மரத்தூளும் ஆயிலும் சேந்து இறுகி போயிருக்கும், இல்ல கயிறு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மாட்டியிருக்கும். பழைய கயிறு எவ்ளோ மொத்தமோ அதே மொத்தத்துல தான் புதுசு போடணும், கனமா போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்னு நினைச்சு போட்டா கப்பில மாட்டிக்கும். கப்பிய மட்டும் கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போடாம தூக்கிடாதீங்க, அடியில சுருட்டி இருக்க ஸ்பிரிங் பாம்பு மாதிரி சீறிட்டு வரும்.

கவர் நல்லாருந்தா ஃப்ளைவீல கையால சுத்துங்க. ஒரு இடத்துல மட்டும் கறக் கறக்குன்னு உரசுனா, பிளக்குக்கு கரண்ட் குடுக்குற காயில் ஃப்ளைவீல்ல இருக்க காந்தத்துல இடிக்குது. காயில் ஸ்க்ரூ ரெண்டையும் லூஸ் பண்ணி, நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு சொருகி, காந்தம் இழுத்து ஒட்டுனதும் டைட் பண்ணி கார்ட உருவுங்க. கிட்டத்தட்ட 0.3 மிமீ இடைவெளி வந்துடும்.

அடுத்தது செயின் பக்கம். செயின் பிரேக் போட்டா கனமாவும், எடுத்தா ஈஸியாவும், இழுக்கும்போதே செயின் கூட ஓடுதா? க்ளட்ச் தான். க்ளட்ச் நல்லாருந்தா பிரேக் போட்டிருந்தாலும் கயித்துக்கு எதுவும் தெரியக்கூடாது. செயின் பக்க கவர கழட்டுனா க்ளட்ச் ஸ்பிரிங் உடைஞ்சிருக்கும், இல்லன்னா தூள் அடைச்சி இறுகியிருக்கும்.

இது எதுவும் இல்லன்னா சைலென்சர கழட்டி, டார்ச் அடிச்சு ஓட்டை வழியா பிஸ்டன பாருங்க. பளபளன்னு வழவழப்பா இருந்தா சந்தோஷம். மேலருந்து கீழ கோடு கோடா கீறல் இருந்தா பிஸ்டன் சிலிண்டர்ல இறுகி சீஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம், அது மெக்கானிக் வேலை, நீங்க கை வைக்காதீங்க. பெரும்பாலும் ஆயில் கலக்காத பெட்ரோல் தான் காரணம், 50:1 (அம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) கேக்குற மெஷினுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில், அவ்ளோ தான் கணக்கு.

திருப்பி மாட்டும்போது பிளக்க முதல்ல வெறும் கையால நாலு சுத்து சுத்தி, நேரா ஏறுதான்னு பாத்துட்டு அப்புறமா ஸ்பேனர எடுங்க.