பன்னீர் திராட்சைல மாவுப்பூச்சியா? பொறிவண்டு விடுறதுக்கு முன்னாடி எறும்பைப் பாருங்க

கம்பம் பக்கம் பந்தல் போட்டு பன்னீர் திராட்சை வச்சிருக்கவங்களுக்கு மாவுப்பூச்சியப் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. குலைக்குள்ள ஒருதடவ பூந்துருச்சுன்னா பிசுபிசுன்னு வடிஞ்சு, அதுமேல கரும்பூஞ்சாணம் ஏறி, வியாபாரி கையில எடுத்துப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம வச்சிட்டுப் போயிருவாரு. மருந்தடிச்சாலும் மேல மெழுகு இருக்கறதால பாதி உருண்டு ஓடிரும்.

இதைத் தின்னே தீக்குற பொறிவண்டுதான் கிரிப்டோலேமஸ், ஆஸ்திரேலியாக்காரன். 1898லயே காபித் தோட்டத்து பச்சைச் செதில்பூச்சிக்காக நம்ம நாட்டுக்கு கொண்டுவந்தாங்க, வந்தது என்னவோ அதுக்கு, ஆனா இன்னிக்கு கைகொடுக்குறது மாவுப்பூச்சிக்குத்தான். கருப்பு உடம்பு, தலையும் பின்பக்க நுனியும் ஆரஞ்சு கலர், மிளகு சைஸ்தான் இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். இதோட புழு பாக்க அச்சு அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், வெள்ளை வெள்ளையா நூல் தொங்கும். மொத தடவ நானே "என்னடா இம்புட்டு பெரிய மாவுப்பூச்சி"ன்னு பிரஷ் வச்சு தேச்சு ஒரு கொடி முழுக்க கொன்னுட்டேன், காசு குடுத்து வாங்கி விட்டதோட குஞ்சுக அத்தனையும். ஒரு குச்சியால லேசா தொட்டுப் பாருங்க, விறுவிறுன்னு நடந்தா நம்ம ஆளு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல இருந்தாலும் நம்ம ஆளுதான். மாவுப்பூச்சி சின்னதா இருக்கும், பெருசா நகராது, நசுக்குனா விரல்ல ரோஸ் கலரு ஒட்டும்.

அடுத்து எறும்பு. மாவுப்பூச்சி விடுற இனிப்புக்காக எறும்பு அதுக்கு காவல் இருக்கும், வண்டு கிட்டப்போனா கடிச்சு விரட்டும். அதனால தண்டுல பாலிதீன் சுத்தி அதுமேல கிரீஸ் தடவுங்க, பட்டைமேல நேரா தடவாதீங்க. எல்லாரும் இதோட நிறுத்திருவாங்க, எறும்பு பந்தல் கல்தூண் வழியா ஏறி கம்பில நடந்து வந்துரும், அதுனால தூணுக்கும் கட்டணும். கொடிய வெட்டி விடுற கவாத்து முடிஞ்சதும் உரியுற பழைய பட்டைய உரிச்சு எரிச்சிருங்க, பூச்சி ஒளியுற எடமே அதுதான்.

விடுறது ஈஸி. கொடிக்கு 10 வண்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்புறம், வெள்ளை தெரியுற எடத்துலயே விடுங்க. பூச்சியே இல்லாதப்ப விட்டா தீனி தேடி பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிரும், அவருக்கு லாபம். குலை நெருங்குறதுக்குள்ள விட்டுரணும், இறுகுனப்புறம் உள்ள போறது கஷ்டம். வண்டு விடுறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியிருந்தே குளோர்பைரிபாஸ், இமிடாகுளோபிரிட் மாதிரி பூச்சிமருந்து எதையும் தொடாதீங்க, விட்டப்புறமும்தான்.

வண்டு பெங்களூர்ல இருக்குற மத்திய அரசோட வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் என்பிஏஐஆர்ல கிடைக்கும், ஆனா முன்கூட்டியே சொல்லி வைக்கணும். வீட்லயே வளக்கவும் செய்யலாம். சாம்பாருக்குப் போடுற மஞ்ச பூசணில, வரி நல்லா ஆழமா இருக்கறதா பாத்து காம்போட வாங்கி, கழுவித் தொடச்சு, மேல மாவுப்பூச்சி முட்டைய வச்சு வலைக்கூண்டுல இருட்டா வைங்க. ரெண்டு மூணு வாரத்துல காய் பூரா வெள்ளை ஏறிரும், அப்ப வண்டு விட்டா இன்னும் ஒரு மாசத்துல புது வண்டு வெளிய வர ஆரம்பிக்கும். கூண்டுக் காலு நாலையும் தண்ணிக் கிண்ணத்துல வைங்க, அங்கயும் எறும்பு விடாது.