வேகமுள் பொய் சொல்கிறதா?

2003 முதல் 2006 வரை வந்த செவ்ரலே டாஹோ, சபர்பன் வண்டிகளில் பலரும் கண்ட கோளாறு இது. வண்டி சிக்னலில் நிற்கும். வேகமுள்ளோ 60 மைலில் அசையாமல் கிடக்கும். அவசரப்பட்டு வேகத்தை அளக்கும் சென்சாரை மாற்றிவிடாதீர்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். அதில் வேகம் சரியாக இருந்தால், பெரும்பாலும் குற்றவாளி மீட்டர் பலகைக்குள் முள்ளைத் திருப்பும் ஸ்டெப்பர் மோட்டார்தான். தீப்பெட்டியைவிடச் சிறியது.

பலகையையே மாற்றலாம். ஆனால் ஓடிய மைல் கணக்கு அதற்குள்தான் பதிந்திருக்கிறது. வேறொரு வண்டியில் கழற்றியதை மாட்டினால் அந்த வண்டியின் கணக்கு வந்து நிற்கும். அமெரிக்கச் சட்டப்படி பழைய அளவையே பதிய வேண்டும். முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, முந்தைய மைலையும் மாற்றிய தேதியையும் இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

ஈயப் பற்றவைப்பு (சால்டரிங்) தெரிந்தவர்கள், முள்ளுக்கு ஒன்றாக இருக்கும் மோட்டார்களை மட்டும் மாற்றுவதே மேல். ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கும், எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பிரிக்கும் முன் முட்கள் நிற்கும் இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளை முள்கரண்டியால் எடுக்கலாம்: டயலில் கீறல் விழாதபடி அடியில் அட்டை வைத்து, மெல்ல நெம்புங்கள்.