மூட்டை தூக்கும் பணிக்கு எடை வரம்பைக் கணக்கிடும் முறை

ஒரு மூட்டையைத் தூக்கலாமா கூடாதா என்பதை அதன் எடையை மட்டும் பார்த்து முடிவு செய்வதே பல பணியிடங்களில் வழக்கம். ஆனால் அதே மூட்டை தரையில் கிடக்கிறதா, இடுப்பு உயரத்தில் இருக்கிறதா, உடலை ஒட்டி இருக்கிறதா என்பதைப் பொறுத்து முதுகெலும்பு தாங்கும் பளு மாறும். இதைக் கணக்கிட அமெரிக்க அரசின் பணியிட உடல்நல ஆய்வு நிறுவனமான நையோஷ் 1991-இல் திருத்தியமைத்த சூத்திரம், எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ என்று தொடங்கி, ஒவ்வொரு பாதகத்துக்கும் அதைக் குறைத்துக்கொண்டே போகிறது.

அளவு நாடா, தூக்குக்குண்டு, சுண்ணக்கட்டி ஆகியவை போதும். கைபேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. தவறாக அளந்த எண்ணுக்கும் அவை தயங்காமல் விடை தந்துவிடும்.

முதலில் கிடைத்தூரம். பலரும் சறுக்குவது இங்கேதான். வயிற்றிலிருந்தோ கால்விரல் நுனியிலிருந்தோ அளக்கக் கூடாது. இரு கணுக்கால்களுக்கு நடுவிலுள்ள புள்ளியிலிருந்து, பிடித்திருக்கும் இரு கைகளின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். அந்த நடுப்புள்ளியை மூட்டையே அடைத்துக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு கையின் நடுவிரல் முட்டிக்கும் நேர்கீழே குண்டு தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, இரு குறிகளையும் இணைக்கும் கோட்டின் நடுவைக் கொள்ளுங்கள். 25-ஐ இந்தத் தூரத்தால் (செ.மீ.) வகுப்பதே முதல் பெருக்கெண். தூரம் 25-க்குக் குறைந்தால் 25 என்றே கொள்க. 63-ஐத் தாண்டினால் வரம்பு சுழியம்.

அடுத்து, கைகளின் உயரம் 75 செ.மீ.யிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதை 0.003-ஆல் பெருக்கி 1-லிருந்து கழியுங்கள். மேலே ஏற்றும் தூரத்தால் 4.5-ஐ வகுத்து 0.82-ஐக் கூட்டுங்கள், இங்கும் 25-க்குக் குறைந்த தூரம் 25 ஆகும். உடல் திரும்பும் கோணத்தின் ஒவ்வொரு பாகைக்கும் 0.0032 கழியும். நிமிடத்துக்கு எத்தனை முறை தூக்குகிறோம் என்பதற்கும், கைப்பிடியின் தரத்துக்கும் உரிய எண்கள் நையோஷின் அட்டவணையில் உள்ளன.

18 கிலோ மூட்டை, 40 செ.மீ. கிடைத்தூரத்தில், 15 செ.மீ. உயரத்திலிருந்து 90 செ.மீ.க்கு, உடலைத் திருப்பாமல் ஏற்றப்படுகிறது என்க. நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஒரு மணி நேரத்துக்கு மிகாத வேலைக்கு 0.94, பிடி சரியில்லாத சாக்குக்கு 0.90. 23-ஐ இந்த எண்கள் எல்லாவற்றாலும் பெருக்கினால் வரம்பு 8.8 கிலோதான், அதாவது சுமை வரம்பைப் போல் இரு மடங்குக்கும் சற்று மேல். அதே மூட்டையை 75 செ.மீ. உயர மேடையில் வைத்து, உடலை ஒட்டி எடுக்கச் செய்தால் வரம்பு 19.5 கிலோவாக உயர்கிறது. முதுகுக் காப்புக்கென அணியும் இடுப்புப் பட்டை வாங்கும் பணத்தில் மேடை செய்யுங்கள் என்பதே என் கருத்து. காயமில்லாத பணியாளருக்கு அப்பட்டையைப் பரிந்துரைப்பதில்லை என 1994-இலேயே நையோஷ் அறிவித்துவிட்டது.

பிற்சேர்க்கை: இறக்கி வைக்கும் இடத்தையும் அளக்க வேண்டுமா என்று வாசகர்கள் கேட்டிருந்தனர். மூட்டையைப் போட்டுவிடாமல் கவனமாகப் பொருத்தி வைக்க வேண்டிய வேலையானால் அங்கும் கணக்கிட்டு, இரண்டில் குறைந்த வரம்பையே கொள்ள வேண்டும். ஒரு கையால் தூக்குவதற்கும், மண்டியிட்டுத் தூக்குவதற்கும், வண்டி தள்ளுவதற்கும் இச்சூத்திரம் பொருந்தாது.