வீட்டைத் திருப்பி எழுதி வாங்கும் முன் வில்லங்கம் பாருங்கள்

அமெரிக்காவில் உங்கள் வீட்டை நீங்களே அதன் அடமானத்தின் மேல் கடன் கொடுத்து விற்றிருந்து, வாங்கியவர் தவணை கட்ட முடியாமல் "ஃபோர்குளோஷர் (அடமான வீட்டைச் சட்டப்படி ஏலத்துக்குக் கொண்டுபோவது) வேண்டாம், வீட்டையே உங்க பேருக்கு எழுதித் தந்துடறேன்" என்றால், பத்திரத்தை வாங்கும் முன் ஒரு டைட்டில் சர்ச், அதாவது வில்லங்கத் தேடல், போட்டுவிடுங்கள். பல கவுண்டிகளில் (நம்ம ஊர் மாவட்டம் போன்றவை) பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். ஆனாலும் டைட்டில் கம்பெனியிடம் கொடுத்துப் பார்ப்பதே நல்லது.

காரணம் இதுதான். முறைப்படி ஃபோர்குளோஷர் நடந்தால், உங்கள் அடமானத்துக்குப் பின்னால் வந்த கடன்கள் பொதுவாக வீட்டைவிட்டு நீங்கிவிடும். எழுதி வாங்கினால் நீங்காது. பாத்ரூமைப் புதுப்பித்த கான்ட்ராக்டர் கூலி பாக்கிக்குப் போட்ட லீன் (வீட்டின் மேல் பதியும் கடன் உரிமை), கிரெடிட் கார்டு வழக்கின் தீர்ப்பு, ஐஆர்எஸ் (அமெரிக்க மத்திய வரித்துறை) வரி பாக்கி எல்லாம் வீட்டோடு சேர்ந்து உங்கள் தலையில் விழும். அடமானமும் உரிமையும் ஒரே கையில் வந்தால் அடமானம் கரைந்துபோய்விட்டது, இனி தன் கடனே முதல் என்று பின்கடன்காரர் வாதாடவும் வழியுண்டு. 'அடமானம் உரிமையில் கலக்காது' என்ற ஒரு வரியைப் பத்திரத்தில் வக்கீலிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். பெரிய வில்லங்கம் தெரிந்தால், செலவானாலும் ஃபோர்குளோஷரே மேல்.

சொத்து வரி பாக்கிக்கு இந்தக் கணக்கு செல்லாது, எந்த வழியில் போனாலும் அது வீட்டின் மேல் அப்படியே இருக்கும். லேண்ட் கான்ட்ராக்டில் (தவணை முழுதும் கட்டிய பிறகே பத்திரம் மாற்றும் ஒப்பந்தம்) விற்றிருந்தால் பத்திரம் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கும். அங்கே நடைமுறையே வேறு, அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.