நாய் நடுங்காம குளிப்பாட்டுறது எப்படி (நீங்க நனையறத ஒண்ணும் பண்ண முடியாது)

எங்க வீட்டு மணி நாட்டு நாய், மூணு வயசு. முதல் தடவ குளிப்பாட்டுனப்ப பாதி நுரையோட பாத்ரூம்ல இருந்து ஓடி ஹால் சோபா மேல ஏறி நின்னு ஒதறுனான் பாருங்க, அம்மா ரெண்டு நாள் என்கிட்ட பேசல. சரி இவனுக்கு தண்ணின்னாலே ஆகாது போலன்னு விட்டுட்டேன். ஆனா சென்னை பெசன்ட் நகர் பீச் கூட்டிட்டுப் போனா அலைக்குள்ள எறங்கி ஆட்டம் போடுறான்! அப்புறம் கவனிச்சா பாத்ரூம் டைல்ஸ்ல கால் வழுக்குது, நகத்தால கீறி கீறி நிக்கப் பாக்குறான். பயம் தண்ணி மேல இல்ல, தரை மேல.

அதனால முதல் வேலை தரை. பழைய கோணிச்சாக்க மடிச்சு நனைச்சு போடுங்க, ரப்பர் மேட் இருந்தாலும் சரி. இத செஞ்ச அன்னைக்கே எங்களுக்கு பாதி சண்டை கொறஞ்சுது.

அடுத்து, தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே நல்லா சீவிடுங்க. சிக்கு நனைஞ்சா இன்னும் இறுகிடும், அப்புறம் கத்தரிக்கோல் தான். சீவும்போதே காது மடல், விரல் இடுக்குல உண்ணி இருக்கான்னு பாத்துக்கலாம். உண்ணிக்கு கழுத்துல சொட்டு மருந்து விட்டிருந்தா ரெண்டு நாள் முன்ன பின்ன குளியல் வேணாம், அந்த மருந்து தோல்ல இருக்கிற எண்ணெய் வழியாத்தான் பல வகையில பரவுது.

தண்ணி விஷயத்துல நம்ம ஊர்ல ஒரு கூத்து இருக்கு. மே மாசம் மத்தியானம் குழாயத் தொறந்தா மாடி டேங்க் தண்ணி கொதிக்கும், காலைலயே பக்கெட்ல பிடிச்சு வச்சிருங்க. மணிக்கட்டு உள்பக்கம் ஊத்திப் பாத்தா சூடும் தெரியக் கூடாது, சில்லுன்னும் இருக்கக் கூடாது. ஷவர் வேணாம், அந்த சத்தமே ஆகாது. தண்ணி மொள்ளுற மக்க உடம்போட ஒட்டி வச்சு கால்ல ஆரம்பிச்சு மெதுவா மேல வாங்க, தலை கடைசி. முகத்துக்கு ஈரத்துணி போதும். காதுல லேசா பஞ்சு வைங்க, ஏன்னா நாய் காதுக்குள்ள குழி கீழ போயி அப்புறம் உள்ள திரும்பும், போன தண்ணி அங்கயே தங்கிடும். பட்ஸ் உள்ள விடவே விடாதீங்க.

நம்ம ஷாம்பு, சோப்பு, டெட்டால் எதுவும் வேணாம். நம்ம தோல் பிஎச் (புளிப்புத்தன்மை அளவு) 5.5 கிட்ட, நாய்க்கு 7ஐ ஒட்டி இருக்கும். நாய் ஷாம்புவ ஒரு மக்கு தண்ணில கலந்து ஊத்துங்க, போர் தண்ணி உப்பா இருந்தா நுரை சரியா வராது, வரலயேன்னு மேல மேல ஊத்தாதீங்க, அலசுறது நீங்கதான். உண்ணி ஷாம்புன்னா பாட்டில்ல போட்ட நேரம், பெரும்பாலும் 5 இல்ல 10 நிமிஷம், ஊறணும். அந்த நேரத்துல உடம்ப நக்காம இருக்க ஒரு வழி: மூக்கு எட்டுற ஒசரத்துல டைல்ஸ்ல தயிர் தடவிடுங்க. மணி சுவத்த சுத்தம் பண்ணிட்டு இருப்பான், நான் அவன சுத்தம் பண்ணுவேன்.

நடுவுல கொட்டாவி விடுது, உதட்ட நக்கிட்டே இருக்கு, வால் வயித்துக்கடியில போயிடுச்சுன்னா அது பயந்திருக்குன்னு அர்த்தம், கைய எடுத்துட்டு ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க. நீங்க கத்துனா இன்னும் மோசம்தான் ஆகும்.

அலசுறதுக்கு சோம்பப் படாதீங்க, அக்குள், வயிறு, விரல் இடுக்குல நுரை மிச்சம் இருந்தா அரிப்பு தான். கடைசி ரெண்டு மக்கு உப்பில்லாத மெட்ரோ வாட்டரா இருந்தா நல்லது. அப்புறம் டவல தேய்க்காம ஒத்தி ஒத்தி எடுங்க, நம்ம ஊர் புழுக்கத்துல ஈரம் சீக்கிரம் காயாது, அந்த ஈரத்துலதான் பூஞ்சை வரும், அதனால விரல் விரலா தொடைச்சு ஃபேன் அடியில விடுங்க. வெளிய விட்டீங்கன்னா நேரா மண்ல போயி பொரளும்.

மாசம் ஒரு தடவ போதும். வாரா வாரம் போட்டா தோல் வறண்டு போகலாம். குளிச்ச ரெண்டாவது நாளே நாறுது, சொறியுதுன்னா அது அழுக்கா இல்லாம தோல் பிரச்சனையா இருக்கலாம், வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டர்கிட்டயோ காட்டிடுங்க.

ஆங், காதுல வச்ச பஞ்ச எடுத்தீங்களா? ரெண்டு வச்சீங்க, ரெண்டும் வந்துச்சான்னு எண்ணிப் பாத்துக்கோங்க.