கரையில் நின்று முதல் விராலைப் பிடிப்பது எப்படி: ரப்பர் தவளையை வைத்து ஒரு செய்முறை

பாஸ் மீனைக் கரையிலிருந்து பிடிக்கும் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துத் தூண்டில் வாங்கும் நம் ஊர் இளைஞர்கள், அந்த மீன் வட அமெரிக்காவுக்கு உரியது என்று தெரிந்ததும் சோர்ந்துவிடுகிறார்கள். சோர வேண்டியதில்லை. செடிகளுக்கு அடியில் பதுங்கியிருந்து தவளையின் மேல் பாய்வதில் பாஸுக்குச் சற்றும் இளைக்காத விரால் நம் ஏரிகளிலேயே இருக்கிறது. பாஸுக்கென்று செய்யப்பட்ட ரப்பர் தவளையே (தவளை உருவத்தில் முள் பொருத்திய போலி இரை) இதற்கும் போதும். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஏரி ஒன்றில் நான்கு பாய்ச்சல்களைத் தவறவிட்டு, ஐந்தாவதில் முதல் விராலைக் கரையேற்றிய முறையை இங்கே எழுதுகிறேன்.

போகும் முன் ஒன்றை முடித்துக்கொள்ளுங்கள். நம் ஏரிகள் பலவற்றில் மீன்பாசி உரிமை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலத்தில் விடப்படுகிறது. குத்தகை எடுத்தவரைக் கேட்காமல் தூண்டில் வீசுவது முறையன்று.

இடத்தைப் பொறுத்தவரை, 52 அடி கொள்ளளவு உயரமுள்ள கிருஷ்ணகிரி அணையும், தென்பெண்ணை நீர் நெடுங்கல் தடுப்பணை வழியாக வந்து சேரும் பாரூர் ஏரியும் பெரிய நீர்ப்பரப்புகள். பழகாதவருக்கு அங்கே மீனைத் தேடுவதே ஒரு நாள் வேலையாகிவிடும். அல்லியும் கோரையும் ஓரத்தில் மண்டிய சிறிய ஏரியே தொடக்கத்துக்கு நல்லது. விடியற்காலையில் சென்று, வீசாமல் கால் மணி நேரம் நீரைப் பாருங்கள். விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு மூழ்கும். அப்போது எழும் சத்தமும் நீர்வளையமும் அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கருவிகளில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஏழடிக் கோல், நரம்பைச் சுற்றிவைக்க 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், 30 முதல் 40 பவுண்டு வரை இழுவை தாங்கும் பிரெய்டு நரம்பு (பல இழைகளைப் பின்னிச் செய்தது), இவை போதும். தங்கூசி நரம்பை (ஒற்றை நைலான் இழை) இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது இழுபடும் தன்மையுடையது என்பதால், முள் மீனின் வாயில் ஏறுவதற்காக நீங்கள் கோலைச் சட்டென்று இழுத்துக் கொடுக்கும் வெட்டு, இருபது மீட்டர் தொலைவிலுள்ள முள்ளுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதியாகிவிடும். நரம்பை இரட்டையாக மடித்துப் போடும் பாலோமர் முடிச்சால் தவளையை நேராகக் கட்டிவிடுங்கள்.

அல்லி இலைகளுக்கு அப்பால் வீசி, இலைகளின் மேலேயே தவளையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, இடைவெளித் தண்ணீர் வந்ததும் நிறுத்துங்கள். மூன்று நான்கு நொடிகள் சும்மா கிடக்கட்டும். பெரும்பாலான பாய்ச்சல்கள் அந்த அமைதியில்தான் வரும்.

என்னைத் தடுக்கி விழவைத்தது இதற்கு அடுத்த கணம். நீர் வெடித்ததும் கை தானாகக் கோலைத் தூக்கிவிடுகிறது. நான்கு முறையும் தவளை என்னை நோக்கிப் பறந்து வந்தது, மீன் வரவில்லை. காரணம் தவளையின் அமைப்பிலேயே இருக்கிறது. செடியில் மாட்டாதிருப்பதற்காக அதன் இரட்டை முட்கள் மெத்தென்ற உடலோடு ஒட்டிப் படுத்திருக்கின்றன. மீன் வாயை இறுக மூடி அந்த உடலை நசுக்கினால்தான் முனைகள் வெளியே வரும். ஆகவே நீர் வெடித்ததும் கோலின் நுனியை மீனை நோக்கித் தாழ்த்துங்கள். தொய்வைச் சுற்றி எடுங்கள். நரம்பில் மீனின் கனம் தெரிந்த பிறகே பலமாக மேல்நோக்கி வெட்டுங்கள். மனத்துக்குள் "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக்கொள்வது எனக்கு உதவியது. பாய்ந்தும் கவ்வாமல் போனால் தவளையை எடுத்துவிடாதீர்கள். அதே இடத்தில் விட்டுவைத்தால் விரால் பல நேரங்களில் திரும்பி வரும்.

மாட்டிய பின் விளையாட விடுவதற்கு இடமில்லை. செடிக்குள் தலையை நுழைத்துவிட்டால் அதை மீட்பது கடினம். தலை மேலே இருக்கும்படி நிறுத்தாமல் சுற்றி இழுத்துவிடுங்கள். வழவழப்பான மீன் என்பதால் கையை நனைத்துக்கொண்டு செவுளுக்குப் பின்னால் பிடித்து, இடுக்கியால் முள்ளை எடுங்கள். கரையோரத்தில் கீழே போட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டாம். ஈரமிருந்தால் விரால் நெளிந்து நெளிந்தே நீரை அடைந்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் இரண்டு சிக்கல்களை எழுதியிருந்தார்கள். ரீலைச் சுற்றினாலும் நரம்பு வரவில்லை என்பது முதலாவது. வழுக்கும் பிரெய்டை ரீலின் வெறும் சுருளில் கட்டினால் மொத்த நரம்பும் சுழலத் தொடங்கிவிடும். அடியில் சில மீட்டர் தங்கூசியைச் சுற்றி, அதன் மேல் பிரெய்டை ஏற்றினால் சரியாகிவிடும். தவளை மூழ்குகிறது என்பது இரண்டாவது. உள்ளே நீர் புகுந்திருக்கும். சில வீச்சுகளுக்கு ஒருமுறை பிழிந்துவிடுங்கள்.

இன்னொன்றை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நீர்மேல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிப்பதைக் கண்டால், அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன என்று பொருள். தவளையோ வேறு எதுவோ, அருகில் வந்தால் அவை தாக்கும் என்பதால் பிடிப்பது எளிது. ஆனால் காவல் போனால் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அந்தப் பக்கம் வீசாமல் ஐம்பது அடி தள்ளிப் போய்விடுங்கள்.