சர்க்கரையைக் குறைத்த கிரான்பெரி தொடுகறி

கிரான்பெரிப் பழத்தில் இயற்கையாக உள்ள சர்க்கரை மிகக் குறைவு. 100 கிராமில் ஏறத்தாழ 4 கிராம்தான். அதன் கடும் புளிப்பையும் துவர்ப்பையும் அடக்கவே வழக்கமான செய்முறைகளில் 340 கிராம் பழத்துக்கு 200 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. அந்த அளவை வெறுமனே குறைத்தால் பல் கூசும் நீர்த்த கூழ்தான் மிஞ்சும். ஏனெனில் சர்க்கரை இனிப்பைத் தருவதோடு, பழத்திலுள்ள பெக்டின் என்னும் கூழாக்கும் நார்ப்பொருள் உறைவதற்கும் துணை செய்கிறது. ஆகவே இந்த இரண்டு வேலைகளுக்கும் மாற்று தேட வேண்டும்.

இரண்டுக்கும் ஓரளவு கைகொடுப்பது இனிப்பான ஆப்பிள். ஒரு பெரிய ஆப்பிளைத் தோல் சீவித் துருவி, 120 மில்லி ஆரஞ்சுச் சாறு, சிறு துண்டு இலவங்கப்பட்டை, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றுடன் எவர்சில்வர் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் மிதமான தீயில் வேகவிடவும். புளிப்பு அலுமினியத்தைத் தாக்கும் என்பதால் அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்ப்பது நல்லது. உப்பை விட்டுவிடாதீர்கள், கசப்பை மட்டுப்படுத்துவதில் அதன் பங்கு பெரிது. பிறகு 340 கிராம் கிரான்பெரியைக் கழுவிச் சேர்க்கவும். உறைய வைத்த பழமானால் உருகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உலர்ந்த கிரான்பெரி மட்டும் வேண்டாம். அது பெரும்பாலும் சர்க்கரை ஏற்றியே விற்கப்படுகிறது.

பழங்கள் ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கிப் பத்து நிமிடங்களில் பெரும்பாலானவை குழைந்துவிடும். அப்போது அடுப்பை அணைத்து, துருவிய ஆரஞ்சுத் தோலைக் கலந்து, அதன் பின்னரே சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மேசைக்கரண்டியாகப் போட்டுச் சுவை பார்த்தால், மூன்று அல்லது நான்கிலேயே, அதாவது 50 கிராமுக்குள்ளேயே, போதும் என்று தோன்றும். குளிர்ந்ததும் இனிப்பு சற்று மங்கித் தெரியும் என்பதை மனத்தில் கொள்ளவும். அப்போதும் புளிப்பு தூக்கலாக இருந்தால், கால் தேக்கரண்டிக்கு மிகாமல் சமையல் சோடாவைச் சேர்க்கலாம். கலவை நுரைத்து அடங்கும், நிறம் சற்றுக் கருக்கும். தேனுக்கு மாறிவிட்டால் சர்க்கரை குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். உடலுக்கு அதுவும் சர்க்கரையே. சர்க்கரைக்கு மாற்றாக விற்கப்படும் எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டி குளிர்ந்ததும் படிகமாகி நறநறக்கக்கூடும் என்பதால் என் சமையலில் அதற்கு இடமில்லை.

சூட்டில் நீர்த்திருப்பதைக் கண்டு மேலும் கொதிக்கவிட வேண்டாம், ஆறும்போது பெக்டின் இறுகும். முழுதும் ஆறிய பிறகும் தளர்வாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி சியா விதையைக் கலந்து அரை மணி நேரம் விட்டால் கெட்டிப்படும், நார்ச்சத்தும் கூடும். சர்க்கரை குறைவென்பதால் இது நெடுநாள் தாங்காது. மூடிய கண்ணாடிக் குடுவையில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடவும்.